எர்த் இல்லாத சாட்சி

நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரி சீட் கவர் தைக்கும் கடைக்கு மேலே இருக்கிறது வெண்ணிலாவின் துப்பறியும் நிலையம். அன்று காலை ஒன்பது மணிக்கு அதன் வாசலில் ஆறடி உயரத்தில் ஒரு மனிதர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மீசை மட்டும் கால் கிலோ தேறும். பெயர் கருப்பண்ணன். எருமப்பட்டிக்குக் கிழக்கே வேப்பங்காட்டுப்புதூரில் சின்ன வெங்காயமும் மரவள்ளியும் போடுகிறவர்.

உட்காரச் சொன்னதற்கு உட்கார மாட்டேன் என்றார். தண்ணீர் கொடுத்ததை நின்றபடியே குடித்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"என்னைய ஒரு ரோபோ திருடன்னு சொல்லிப்போடுச்சுங்க அம்மிணி."

வெண்ணிலாவின் உதவியாளன் ஈஸ்வர் புகார் நோட்டில் அதை எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டான். லாரி பட்டறையில் பதினோரு வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவன் அவன். தன் பேச்சைக் கேட்க டிரைவர்கள் நிற்பதில்லை என்ற ஒரே குறையால் இந்தத் தொழிலுக்கு வந்தவன். இங்கே வெண்ணிலா அக்காவும் கேட்பதில்லை. ஆனால் சம்பளம் தருகிறாள்.

விஷயம் இதுதான். ஊரில் மாரியம்மன் பண்டிகை. வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் முந்தாநாள் மத்தியானம் திடீரென்று ஊமையாகிவிட்டது. மைக்செட்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், குழாயின் பின்னால் திருகியிருக்கும் யூனிட்டைக் காணோம். தேங்காய் அளவுதான் இருக்கும், ஆனால் ஸ்பீக்கருக்கு உயிரே அதுதான். திருடன் அகப்படாமல் வேறு யூனிட் மாட்ட மாட்டேன் என்று மைக்செட்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கருப்பண்ணனின் தம்பி மகள் தீபிகா அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பொழுதுபோக்குக்கு ரோபோ செய்கிறவள். பண்டிகைக்கு வந்தவள், பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அதில் மனித உடம்பை மோப்பம் பிடிக்கும் சென்சார் இருக்கிறது என்று அவள் சொன்னது ஊர் வாயில் புரண்டு புரண்டு, பொய் சொல்கிறவனைக் கண்டுபிடிக்கும் சென்சார் என்று ஆகிவிட்டது. திருட்டுப் போன அன்றைக்கே சாயங்காலம், கருப்பண்ணனின் பங்காளி சின்னராஜ் பன்னிரண்டு ஆண்களைக் கல்யாண மண்டபத்து ஜமக்காளத்தில் வரிசையாக உட்காரவைத்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் ரோபோவை ஓடவிடச் சொன்னார். அது கருப்பண்ணன் பின்னால் போய் நின்று கூவியது. இடத்தை மாற்றி உட்காரவைத்தார்கள். மறுபடியும் அவர் பின்னால். மூன்றாவது முறையும் அவரே.

இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மன் சப்பரம் புறப்படுகிறது. இருபத்திரண்டு வருடமாகச் சப்பரத்தின் முன் தண்டு கருப்பண்ணன் தோளில்தான். திருடன் தோளில் அம்மனை ஏற்றுவதா என்று சின்னராஜ் கேட்டிருக்கிறார். அதற்குள் உண்மை தெரியாவிட்டால் தண்டு கைமாறிவிடும்.

இதைச் சொல்லும்போது அந்த மீசை லேசாக நடுங்கியது. ஈஸ்வர் பேனாவை மூடி வைத்தான்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. முதலில் வேப்பமரத்தைப் பார்த்தார்கள். குழாயின் வாய் நேராக எதிரே இருந்த ஓட்டுவீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பால் சொசைட்டித் தலைவி முத்தாயம்மாளின் வீடு அது. அவள் வாசலிலேயே எதிர்கொண்டு, வாயில் விரல் வைத்துக் காட்டி, திருட்டுப் போகும்போது தான் சொசைட்டியில் இருந்ததாகக் கிசுகிசுத்தாள். மகன் ஜெயபிரகாஷ் உள்ளே தூங்குகிறானாம். கம்ப்யூட்டர் கம்பெனியில் ராத்திரி வேலை, வீட்டில் இருந்தபடியே. காப்பி கொடுத்தாள். கிளம்பும்போது ஒரு நீல நிறப் பெயிண்ட் வாளியை, இறுக்கி மூடி மேலே கயிறு கட்டி, ஈஸ்வர் கையில் கொடுத்தாள்.

"முறுக்கு சாமி. நாமக்கல் போய்த் தொறங்க. காத்து பட்டா நமுத்துப் போயிரும்."

வாளி நல்ல கனம். முறுக்கு கெட்டியாகத்தான் இருக்கும், பல் டாக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று ஈஸ்வர் சொன்னான். வெண்ணிலா வாளியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், நடந்தாள்.

மண்டபத்தில் தீபிகா ரோபோவை மேஜைமேல் மல்லாக்கப் போட்டுவிட்டு அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா தன்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை என்றாள். நான்கு சக்கரம், நடுவில் ஒரு மூளைப் பலகை, முன்னால் சுவரில் இடிக்காமல் போக இரண்டு கண், அதற்கு மேலே ஒரு குச்சியில் அந்தச் சென்சார். விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நீலப் பலகை.

இது மனித உடம்பு சென்சார் என்று எப்படித் தெரியும் என்று வெண்ணிலா கேட்டாள். தீபிகா தயங்கினாள். ஆன்லைனில் முப்பது சென்சார்கள் கலந்துகட்டிய பை ஒன்று வாங்கினாளாம். உள்ளே விளக்கச் சீட்டு எதுவும் இல்லை. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தபோது, இந்த ஒன்று தன் கை கிட்டே போனதும் விளக்கு எரிந்து கூவியது. அதனால் மனிதக் கையைக் கண்டுகொள்கிறது என்று முடிவு செய்துவிட்டாள்.

"பேரு தெரியாத மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுத்த மாதிரி," என்று ஈஸ்வர் தன் மீட்டரை எடுத்தான். "தெரியாத ஊட்டுக்குப் போனா மொதல்ல நாய் இருக்குதான்னு பாக்கோணும். தெரியாத சென்சாருக்கு மொதல்ல எர்த் எதுன்னு பாக்கோணும்."

பலகையின் நான்கு கால்களுக்கும் பக்கத்தில் எறும்புத் தலை அளவில் எழுத்து இருந்தது. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தான். ஒன்று பிளஸ், ஒன்று மின்சாரம் திரும்பிப் போகும் எர்த், மற்ற இரண்டும் செய்தி சொல்லும் கால்கள். மூளைப் பலகையில் இடம் போதாததால் சென்சாருக்குத் தனியாக மூன்று பென்சில் பேட்டரி கொடுத்திருந்தாள் தீபிகா. அளந்தான். நாலரை வோல்ட். அதில் தப்பில்லை. பிறகு மீட்டரின் ஒரு முள்ளைச் சென்சாரின் எர்த்திலும் இன்னொன்றை மூளைப் பலகையின் எர்த்திலும் வைத்தான். இரண்டும் சேர்ந்திருந்தால் கூவ வேண்டிய மீட்டர் கூவவில்லை. ரோபோவை லேசாக ஆட்டினான். ஒரு தடவை கூவி நின்றது. மறுபடி ஆட்டினான். கூவவில்லை.

இரண்டையும் சேர்க்கும் கறுப்பு ஒயரை வெறும் முறுக்காகச் சுற்றி விட்டிருந்தாள். ரோபோ குலுங்கக் குலுங்க அது ஒட்டும், விடும்.

ஈஸ்வர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். வழக்கு முடிந்தது என்று அறிவித்தான். லாரியில் எல்லா விளக்குக்கும் உடம்புதான் எர்த். அது விட்டுப்போனால் பிரேக் மிதித்தால் ஹாரன் அடிக்கும், ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும். ரோபோவும் அப்படித்தான். மோட்டார் சுற்றும்போது வரும் இரைச்சலை எல்லாம் செய்தி என்று நினைத்துக் கூவியிருக்கிறது. எர்த் இல்லாத சாட்சி கோர்ட்டில் செல்லாது.

வெண்ணிலா தீபிகாவைப் பார்த்து, அன்றைக்கு வேறு யார் பின்னாலும் அது கூவவில்லையா என்று கேட்டாள். பூசாரி பின்னால் ஒருமுறை கூவியது, டீக்கடைக்காரர் பின்னால் ஒருமுறை கூவியது என்றாள் தீபிகா. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"அது ஒளறல்," என்றாள் வெண்ணிலா. "ஆனா ஒளறுறவன் ஒரே ஆளைப் பத்தி மூணு தடவை ஒளற மாட்டான் ஈஸ்வர். கறுப்பு ஒயர் ஒட்டுன நேரத்துல அது நெசத்தைத்தான் சொல்லியிருக்குது. என்ன நெசம்னுதான் நமக்குத் தெரியல."

ஈஸ்வர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டியதாயிற்று.

வீட்டில் வைத்துச் சோதித்தபோது வேறு எங்கெல்லாம் கூவியது என்று வெண்ணிலா அடுத்துக் கேட்டாள். தீபிகா யோசித்துச் சொன்னாள். ஃப்ரிட்ஜ் கதவை உரசி நின்று கூவியது. தரையில் கிடந்த அக்கா மகளின் பென்சில் பாக்ஸ் பக்கத்தில் கூவியது. அப்பாவின் பழைய ரேடியோ பக்கத்தில் கூவியது. மனிதச் சூடு அந்தச் சாமான்களில் தங்கியிருக்கலாம் என்று அவள் நினைத்தாளாம். ஃப்ரிட்ஜில் சூடு தங்கும் வீட்டில் தான் சாப்பிடப் போவதில்லை என்றான் ஈஸ்வர்.

வெண்ணிலா மண்டபத்தில் இரண்டு சுற்று நடந்தாள். அவளுக்கு யோசனை வந்தால் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருக்கும் ஊக்கைத் திறந்து திறந்து மூடுவாள். மூன்றாவது சுற்றில் நின்றாள். அன்றைக்குச் சென்சார் கிட்டே கொண்டுபோன கையில் ஏதாவது இருந்ததா என்று தீபிகாவைக் கேட்டாள். செல்போன் இருந்தது என்று பதில் வந்தது.

"ஃப்ரிட்ஜ் கதவு தானா ஒட்டிக்குது. புள்ளைங்க பென்சில் பாக்ஸ் தானா மூடிக்குது. ரேடியோலயும் செல்போன்லயும் ஸ்பீக்கர் இருக்குது. நாலுலயும் என்ன இருக்குது தீபிகா?"

தீபிகா வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் வந்த சொல் ஒன்றுதான்.

"காந்தம்."

சென்சார் பலகையின் நடுவில் இருந்த கறுப்புத் துணுக்கின் எண்ணைச் செல்போனில் தேடினார்கள். காந்தம் உணரும் சென்சார் என்றே வந்தது. மனிதன், சூடு, பொய், எதுவும் அதற்குத் தெரியாது.

ஈஸ்வர் உற்சாகமாகிவிட்டான். ஸ்பீக்கர் யூனிட்டில் பெரிய காந்தம் இருக்கிறதே. அப்படியானால் கருப்பண்ணன் அன்றைக்கு அதை இடுப்பிலேயே வைத்திருந்தாரா. தன் கட்சிக்காரரே திருடன் என்று வந்துவிட்டால் திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று மெதுவாகக் கேட்டான். வெண்ணிலா கருப்பண்ணனைப் பாத்திரங்கள் வைக்கும் அறைக்குக் கூப்பிட்டாள். திரும்பி நிற்கச் சொன்னாள். சங்கிலியிலிருந்து ஊக்கைக் கழற்றி அவர் முதுகை நோக்கி மெதுவாகச் சுண்டினாள்.

ஊக்கு கீழே விழவில்லை. சட்டைமேல், இடுப்புக்கு நேராக, பல்லிபோல ஒட்டிக்கொண்டது.

கருப்பண்ணன் சுவரைப் பார்த்தபடியே சட்டையைத் தூக்கினார். அகலமான கறுப்பு பெல்ட். அதில் வரிசையாகப் பன்னிரண்டு காந்த வில்லைகள். முதுகு வலிக்கு நல்லது என்று ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் மைக் பிடித்து விற்றானாம். மூன்று வருடமாக முதுகு போய்விட்டது. உட்கார்ந்தால் எழுவது பெரும்பாடு, அதனால்தான் எங்கேயும் நின்றுகொண்டே இருக்கிறார். வலி குறைந்ததா என்று ஈஸ்வர் கேட்டான். சாவிக்கொத்து தொலையவில்லை, அது ஒன்றுதான் லாபம் என்றார் அவர்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"திருடன்னாக்கூட இன்னிக்கில்லாட்டி நாளைக்கு இல்லைன்னு ஆயிருமுங்க. முதுகு போச்சுன்னா தண்டு போச்சுங்க. சின்னராஜுக்கு அது போதும்."

இவ்வளவு பெரிய மனிதர், ஒரு பெல்ட்டுக்குப் பயந்து திருட்டுப் பட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறார்.

வெண்ணிலா பெல்ட்டைக் கழற்றித் தரச் சொன்னாள். அதை அந்த அறையிலேயே ஒரு அண்டாவுக்குள் போட்டு மூடினாள். வெளியே வந்து, கறுப்பு ஒயரை ஒழுங்காகப் பற்றவைக்கும்படி ஈஸ்வரிடம் சொன்னாள். அவன் பழைய தொழில் நினைவில் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தான். சென்சார், மூளை, மோட்டார், மூன்றுக்கும் ஒரே எர்த். மோட்டார் கிளம்பும்போது மின்சாரம் தடுமாறாமல் இருக்க அதற்கு மட்டும் தனி பேட்டரி. சென்சார் பலகையில் இருந்த சின்னத் திருகைக் கடுகளவு திருப்பி, ஒரு சாண் தூரத்தில் பெரிய காந்தம் இருந்தால் மட்டும் கூவும்படி வைத்தான். பத்துத் தடவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட வெறுமனே கூவவில்லை.

நான்கு மணிக்கு ஊரே மண்டபத்துக்கு வந்தது. சப்பரம் தூக்குகிறவர்கள் காப்புக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்கள். யூனிட் இன்னும் கிடைக்காததால் ரோபோவை மறுபடி ஓடவிடுவது, மண்டபத்தில் சிக்காவிட்டால் வீடு வீடாகக் கொண்டுபோவது என்று ஊரார் காலையிலேயே முடிவு செய்திருந்தார்கள். போனமுறை உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். கருப்பண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தார். வெண்ணிலா ஈஸ்வரையும் வரிசையில் அவருக்கு அடுத்து உட்காரச் சொன்னாள். முறுக்கு வாளியை எங்கேயும் வைத்துவிட வேண்டாம், ஊர்ப் பிள்ளைகள் தின்றுவிடும், பக்கத்திலேயே வைத்துக்கொள் என்றாள். அக்காவுக்குத் தன் பலகாரத்தின்மேல் இவ்வளவு அக்கறை வந்தது ஈஸ்வருக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

ரோபோ கிளம்பியது. பூசாரியைத் தாண்டியது. டீக்கடைக்காரரைத் தாண்டியது. சின்னராஜைத் தாண்டியது. கருப்பண்ணனின் பின்னால் வந்தபோது ஊரே எட்டிப் பார்த்தது. அது அவரை மோந்துகூடப் பார்க்காமல் தாண்டி, ஈஸ்வர் பக்கம் வந்து நின்று, காது கிழியக் கூவ ஆரம்பித்தது.

ஈஸ்வர் ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்தான். கூவல் நிற்கவில்லை. வாளியைத் தூக்கினான். நின்றது. வைத்தான். கூவியது. துப்பறிய வந்தவனே திருடன் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். மைக்செட்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். இத்தனை வருடத் தொழிலில் ஈஸ்வர் பலபேர் முகத்தில் பார்த்த அந்தத் திருதிரு விழிப்பு இப்போது தன் முகத்தில் இருப்பதை அவனே உணர்ந்தான்.

வெண்ணிலா குனிந்து கயிற்றை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். மேலே இரண்டு அடுக்கு முறுக்கு. அதற்குக் கீழே வாழையிலையில் சுற்றி, ஸ்பீக்கர் யூனிட்.

அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. ஈஸ்வரின் காதருகே மட்டும் சொன்னாள்.

"பலகாரம் குடுத்துட்டு, ஒண்ணு தின்னு பாரு கண்ணுன்னு சொல்லாத பொம்பளைய இந்தப் பக்கத்துல நீ பாத்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தான். பார்த்ததில்லை.

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து முத்தாயம்மாள் தானே எழுந்து வந்தாள். மூன்று தடவை கேட்டேன், குழாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டுங்கள் என்று, யாரும் காதில் வாங்கவில்லை என்றாள். மைக்செட்காரர் சாப்பிடப் போன நேரம் ஏணி மரத்திலேயே சாய்ந்திருந்தது. ஏறினாள், திருகினாள், மடியில் கட்டிக்கொண்டு இறங்கினாள். வீடு வீடாக ரோபோ வரப்போகிறது என்றதும், துப்பறிகிறவர்கள் பையை யார் சோதிப்பார்கள் என்று வாளியில் போட்டு ஊரைவிட்டே அனுப்பப் பார்த்தாள்.

"எம்பையன் ராத்திரியெல்லாம் அமெரிக்காக்காரனுக்கு வேலை செய்யறான் சாமி. நாலு நாளாத் தூங்காம, சாம்பார்ல கையக் கழுவிப்போட்டுத் தண்ணியில சோத்தைப் பெசையறான். பெத்தவ பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? கருப்பண்ணன் மேல பழி உழும்னு மட்டும் நெனைக்கல. அதுக்கு என்ன தண்டமோ போடுங்க."

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி அந்த ஏணியில் ஏறினாளா என்ற ஆச்சரியத்தில் ஊர் திருட்டையே பாதி மறந்துவிட்டது. சின்னராஜ் மட்டும் விடவில்லை. அப்படியானால் ரோபோ அன்றைக்கு ஏன் கருப்பண்ணனிடம் கூவியது என்று கேட்டார். எர்த் கோளாறு என்று வெண்ணிலா கண் இமைக்காமல் சொன்னாள். ஈஸ்வர் அதற்கு லாரி, பிரேக், ஹாரன் என்று நீண்ட விளக்கம் கொடுத்தான். காலையில் செல்லாமல் போன தன் தீர்ப்பு சாயங்காலம் ஊர்ச் சபையில் செல்லுபடியானதில் அவனுக்கு மகா திருப்தி. எல்லோரும் தலையாட்டினார்கள். கருப்பண்ணன் பேசாமல் இருந்தால் போதும், தண்டு அவருடையது.

அவர் முத்தாயம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழ முயன்றார். முடியவில்லை. தீபிகா ஓடிவந்து கைகொடுத்தாள்.

"எர்த்தெல்லாம் ஒண்ணுமில்லீங்க. முத்தாயக்கா இத்தன பேர் முன்னால உள்ளதச் சொல்லுது. நான் ஆம்பள, முதுகு வலிக்குதுன்னு சொல்ல முடியாம மூணு வருசமா பெல்ட்டுக் கட்டிக்கிட்டுத் திரியறேன். அதுல இருக்கற காந்தத்தப் பாத்துத்தான் அது கூவுச்சு. முன் தண்ட சின்னராஜே புடிக்கட்டும்."

இருபத்திரண்டு வருடம் அந்தத் தண்டுக்கு ஏங்கிய சின்னராஜின் முகம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய ஆட்டின் முகம்போல ஆனது. தை மாதம் சேலத்தில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டதாகவும், தண்ணீர்க் குடத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும் தரையைப் பார்த்துச் சொன்னார். அடுத்த இரண்டு நிமிடத்தில் சப்பரம் தூக்க நின்ற எட்டுப் பேரில் ஒருவருக்கு மூட்டு, ஒருவருக்குத் தோள்பட்டை என்று வெளியே வந்தது. மணி நாலே முக்கால். அம்மன் அலங்காரத்தோடு காத்திருந்தாள்.

மண்டபத்து வாசலில் ஒரு கனத்த உருவம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றது. ஜெயபிரகாஷ். கூவல் சத்தத்தில் எழுந்து வந்தவனுக்கு நடந்ததைச் சொன்னார்கள். அவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். நாமக்கல்லில் ஜிம்முக்குப் போய் வளர்த்த தோள்கள் அவனுக்கு.

"ரெண்டு நாளா நல்லாத் தூங்கிட்டேனுங்க," என்றான். "நான் தூக்கறேன்."

அதையே தண்டமாகப் போட்டுத் தீர்ப்பை முடித்தார்கள். கருப்பண்ணன் தன் தலைத் துண்டை அவிழ்த்து, நாலாக மடித்து அவன் தோளில் வைத்து, தண்டு எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று விரலால் அழுத்திக் காட்டினார். மேட்டில் ஏறும்போது மூச்சைப் பிடிக்காதே என்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் சப்பரத்துக்கு முன்னால் தீபிகாவோடு பேசிக்கொண்டே நடந்தார். இரண்டு நாள் பாக்கிப் பேச்சு.

மைக்செட்காரர் யூனிட்டைத் திருகி மாட்டிக் குழாயை ஏரிப் பக்கம் திருப்பிக் கட்டினார். பாட்டு கிளம்பியது. பின்னால் வந்த முத்தாயம்மாள் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஏணியில் ஒரு கையை மட்டும் வைத்தாள். மைக்செட்காரர் ஓடிப்போய்ச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார்.